எட்டு மணிப் பதிவு

அத்தியாயம் 14

போன வாரம் தம்பிக்காரனைக் கையில் ஓர் உறையோடு கூடத்தில் நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாகவா நிற்பான்? உறையைக் கொடுத்துவிட்டான். அம்மா பிரித்தும் பார்த்துவிட்டாள்.

உள்ளே பணமில்லை, பயணச் சீட்டும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. அதில் ஒரு முகவரி, ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அவன் அம்மாவுக்குக் கொண்டுவந்த பரிசு ஒரு வலைப்பூ.

வெறும் காலி வலைப்பூ அல்ல. தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுக்கிற சட்டை மாதிரி ஆயத்தமாகச் செய்து வாங்கியது. மேலே அம்மாவின் படம், 'அம்மாவின் பக்கம்' என்று பெயர், 'என்னைப் பற்றி' என்று நாலு வரி, எழுதி முடித்து வரிசையில் காத்திருக்கும் பத்துப் பதிவுகள். தினமும் காலை எட்டு மணிக்கு ஒன்று தானாகவே வெளியே வரும். பக்கத்தின் அடியில் 'நாளைய பதிவு' என்று அடுத்த நாள் தலைப்பையும் போட்டுவிடும்.

"எல்லாம் அம்மா பேசினதுதான்," என்றான் தம்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நாலு வருஷமா அம்மா நம்பர்லேர்ந்து எனக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் ஒண்ணுவிடாம சேர்த்து வச்சிருந்தேன். இந்த மாதிரி பிளாக் செஞ்சு தர்ற பொண்ணு ஒருத்திகிட்ட அப்படியே தூக்கிக் கொடுத்துட்டேன். அவ கேட்டுக் கேட்டு எழுதிட்டா."

முப்பத்தொன்பது வயதாகிறது அவனுக்கு. வீட்டில் இன்னும் அவன் பெயர் ஆர்வக்கோளாறு. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். யார் எள் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்பதை மட்டும் விசாரிக்க மாட்டான். அப்பா வைத்த பெயர் அது. அப்பா போய்ச் சேர்ந்தும் பெயர் போகவில்லை.

இதுவரை ஐந்து பதிவுகள் வந்தாயிற்று. திரைச்சீலை துவைப்பது எப்படி என்று ஒன்று. அப்பாவின் குறட்டையைப் பற்றி ஒன்று. அம்மா தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது தினமும் தப்பான நம்பர் கேட்டுத் தொந்தரவு செய்த மனிதரைப் பற்றி ஒன்று. இவன் பார்த்தவர் பார்க்காதவர் எல்லாருக்கும் அனுப்பிவைக்க, சொந்தக்காரர்கள் முதல் பல் டாக்டர் வரைக்கும் படித்துவிட்டுக் கருத்துச் சொன்னார்கள்.

பெரியவளும் படித்தாள். பஸ்ஸில் நின்றபடி, பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குப் பெரியவளைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்தவர்களுக்கு: நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். வரன்கள் வந்ததும் போனதும் முதல் மூன்று அத்தியாயம். அதைத் திரும்பக் கிளற வேண்டாம். அம்மாவோடு இருக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, களைப்பாக இருக்கிறது என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டவள். தினமும் சொன்னால் அது என்ன செய்தி?

ஆறாம் நாள் காலை ஏழேகாலுக்கு அவள் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தம்பி கூடத்துச் சோபாவில் போர்வைக்குள் கிடந்தான். அம்மா ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் தண்ணீர்க் கூஜாவுமாகச் சமையலறையிலிருந்து தன் அறைக்கு நடந்துகொண்டிருந்தாள். கூஜாவில் தண்ணீர் தளும்பியது.

"கொடும்மா, நான் வைக்கிறேன்."

"வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு."

இதுவும் தினசரி வசனம்தான். ஊன்றுகோல், கூஜா, அந்தப் பதினெட்டு அடி நடை. அம்மா தேறிவிட்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று பெரியவள் டாக்டரிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"என் கண்ணாடி என்னாச்சு?" என்றாள் அம்மா, அறை வாசலில் நின்று.

"இன்னைக்குக் கொண்டுவந்துடறேன்மா. சத்தியமா."

மூன்று வாரமாக அதே சத்தியம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவள், பெற்றவளின் கண்ணாடியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவைத்திருந்தாள். ஒரு புதுக் கம்பியும் இரண்டு திருகாணிகளும்தான் வேலை. அதற்குக்கூடக் கை ஒழியவில்லை. கண்ணாடி இல்லாமல் எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் அம்மாவால் தன் வலைப்பூவைத் தானே படிக்க முடியவில்லை. எட்டு மணி ஆனதும் தம்பி எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே வாசித்துக் காட்டுவான்.

கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் பெரியவளின் சாவி, மற்றதில் அம்மாவின் சாவி. அம்மா விழுந்த நாளிலிருந்து அவள் சாவி கொக்கியை விட்டு இறங்கவில்லை. வளையத்தில் தூசி படிந்திருந்தது. பெரியவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பதினொரு மணிக்குப் பின்னறையில் தலை நிமிர நேரமில்லை. விடுமுறைக்கு முன் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கண் மங்கிவிடும். ஒரு பஸ் டிரைவரின் கண்ணாடி அவசரம். பகல் இரண்டு மணிக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும். பழைய கண்ணாடி உடைந்து, வெளியே பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவள் லென்ஸில் பேனாவால் மூன்று புள்ளி வைத்து, எது வலம் எது இடம் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

கவுன்டர் பெண் போனோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, உங்க அம்மா இன்னைக்கு என்ன போட்டிருக்காங்க பார்த்தீங்களா? ஐயோ, எனக்குச் சிரிப்பு தாங்கலை. அந்த ஒருத்தி நீங்கதானே?"

"எந்த ஒருத்தி?"

"படிக்கிறேன் கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தலைப்பு, 'எனக்கு எப்போது ஓய்வு?' 'இந்த வீட்டில் எனக்குத் துணையென்று ஒருத்தி இருக்கிறாள். துணையா சுமையா என்பது சில நாள் எனக்கே விளங்குவதில்லை. நான் எடுத்துக் கொடுக்காவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவள் வாய்க்குப் போகாது. தூங்கினாலும் ஒரு காது விழித்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கென்று ஒரு நாள் இல்லை, ஒரு மணி நேரம் இல்லை…'"

பெரியவள் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினாள். லென்ஸ் உள்ளே சுழலத் தொடங்கியது.

"'யாரிடம் சொல்ல? எல்லோருக்கும் அவரவர் வேலை. கதவைச் சாத்தி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்று வருகிறது. எப்போதுதான் இது முடியும்?' அவ்வளவுதான்கா. கீழே எத்தனை கமெண்ட் தெரியுமா? நாப்பத்தொண்ணு! 'எங்க அம்மாவும் இதையேதான் சொல்வாங்க'ன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. நீங்க வீட்டுல தண்ணிகூட எடுத்துக் குடிக்க மாட்டீங்களாக்கா?"

"போய்க் கவுன்டரைப் பாரு. ஆள் நிக்கறாங்க."

அந்தப் பெண் போனாள். சுமை. அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை. காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்துவைத்து, மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்துவைத்து, குளிக்க ஸ்டூல் போட்டு, துணியை மடித்து, எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்து, திரும்பிப் போய் மறுபடி சமைக்கிறவள் சுமையா? யாருக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது? எப்போது முடியும் என்று பெற்ற தாயே காத்திருக்கிறாளா? அதுவும் ஊரறிய, படத்தைப் போட்டு?

கண்ணில் நீர் முட்டியது. அழுவதற்குக்கூட இப்போது நேரமில்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இயந்திரம் நின்றது. லென்ஸை எடுத்து ஃபிரேமில் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. வலக் கண்ணுக்கானதை இடக் கண்ணின் வடிவத்துக்கு வெட்டியிருந்தாள். இந்தக் கடையில் பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்யாத பிழை.

இன்னொரு லென்ஸை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, அந்த வரி மறுபடி மனசில் ஓடியது. சாவியை உள்ளேயே வைத்துவிட்டு.

அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை. அம்மா சாவியைத் தொட்டே இரண்டு வருஷமாகிறது. அப்படிச் சொல்ல ஒருவர் சமையலறைத் தொட்டி முன் நின்று, அங்கிருந்து நேராகத் தெரியும் கதவையும் இரண்டு கொக்கிகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படி நின்றது அவளேதான்.

அம்மா படுக்கையில் கிடந்த மூன்றாவது வாரம். பெரியவளின் போன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து செத்துப்போய், பதினைந்து நாள் அம்மாவின் போனையே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பிக்கு அதில் பேசி அனுப்பினாள். அன்றைக்கு முதலாளி கூப்பிட்டு, மூன்று மணி நேரத் தொலைவில் திறக்கப்போகும் புதுக் கடைக்குப் பொறுப்பாளராகப் போகிறாயா என்று கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். யாரிடமாவது கொட்டாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது, கொட்டினாள்.

அம்மா குரலும் அவள் குரலும் ஒரே வார்ப்பு. போனில் கூப்பிடுகிற யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. அம்மாவின் நம்பர், அம்மாவின் குரல், களைத்துப்போன ஒரு பெண்பிள்ளை. பிளாக் செய்கிற பெண் பாவம், வேறு எப்படி நினைப்பாள்? கடை விஷயம் புரியாமல் அதை விட்டுவிட்டு, மிச்சத்தை மெழுகிப் பூசிப் பதிவாக்கிவிட்டாள்.

ஆக, சுமை என்று சொன்னது மகள். சொல்லப்பட்டது அம்மாவை. கேட்ட இரண்டு நிமிஷத்தில் தனக்கு என்ன வலி வலித்ததோ, அத்தனையும் தன் வாயிலிருந்து புறப்பட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவ்வளவு சுடும் என்று யாரும் சொல்லவில்லை.

டிரைவரின் கண்ணாடியை ஒன்றே முக்காலுக்கு முடித்துக் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்து, "இப்பத்தான் உலகம் தெரியுது," என்றார். பெரியவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். அவளுக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"டேய், இன்னைக்குப் பதிவை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"படிச்சேனே! ஏன்கா?"

"முழுசாவா?"

"முழுசாத்தான். அம்மா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அப்புறம் இன்னொரு தடவை படின்னாங்க. ரெண்டாவது தடவையும் படிச்சேன். ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல."

பெரியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"அது அம்மா பேசினது இல்லைடா. நான் பேசினது. அம்மாவைப் பத்தி."

பின்னணியில் அம்மா ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடக்கும் ஓசை மட்டும் கேட்டது.

நாலு மணிக்கு இழுப்பறையைத் திறந்து அம்மாவின் கண்ணாடியை எடுத்தாள். புதுக் கம்பி, இரண்டு திருகாணி, லென்ஸைக் கழட்டிக் கழுவித் துடைத்து மாட்டுவது. பதினொரு நிமிஷத்தில் முடிந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டதன் கனம் வெறும் பதினொரு நிமிஷம் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கிளம்பும்போது முதலாளி தலையை நீட்டினார். "புதுக் கடையில இருந்த ஆள் நின்னுட்டாரு. விடுமுறை முடியறதுக்குள்ள சொல்லும்மா. இந்தத் தடவை யோசிச்சுச் சொல்லு." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். யோசிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் தம்பி காத்திருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டேன்கா. அழிக்கிறது ஒரு நிமிஷ வேலையாம். ஆனா பாஸ்வேர்ட் வேணும். பரிசுன்னா முழுசாக் கொடுக்கணும்னு, அம்மாவையே புதுசா ஒண்ணு வைக்கச் சொன்னேன். அதை அட்டைக்குப் பின்னாடி எழுதி, அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"பயமா இருந்துச்சு."

"எழுதி வந்ததையாவது ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கலாமேடா."

"ஆச்சரியமா இருக்கட்டும்னு நானே படிக்காம வச்சிருந்தேன்."

அவள் நடந்தாள். அவன் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான்.

"எனக்கு ஞாபகமே இல்லைக்கா. நீ எப்போ அனுப்பினே, என்ன சொன்னே…"

"ஞாபகம் எப்படி இருக்கும்? கேட்டாத்தானே? அதுக்கு என்ன பதில் போட்டே தெரியுமா? கட்டைவிரல். உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நாலு நிமிஷம் பேசினேன், நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினே."

தம்பி தெருவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். திட்டி முடித்த பிறகும் பெரியவளுக்கு ஆறவில்லை. அவன் அழுவதைத் தேற்றுகிற வேலையும் தன் தலையில்தான் விழுமோ என்று அலுப்பாகக்கூட இருந்தது.

"வா," என்றாள். "வீட்டுக்குப் போவோம்."

அம்மா கூடத்து மேசை முன் உட்கார்ந்திருந்தாள். எதிரே தம்பியின் லேப்டாப், பக்கத்தில் திறந்த கண்ணாடிப் பெட்டி, அதற்குள் அந்த அட்டை.

"கொண்டுவந்துட்டியா?"

பெரியவள் கண்ணாடியை மாட்டிவிட்டாள். பின்னால் நின்று, காதுகளுக்குப் பின்னே விரல் விட்டுக் கம்பியின் வளைவைச் சரிபார்த்தாள். முகம் பார்க்காமல் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள்: அம்மா, அந்தப் பொண்ணு என்னமோ தப்பா எழுதிட்டா.

"அழுத்துதா?"

"இடது பக்கம் கொஞ்சம்."

கழட்டி, கம்பி நுனியைக் கட்டைவிரலால் மெல்ல நிமிர்த்தி, திரும்ப மாட்டினாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா பேசினாள்.

"அந்தப் புதுக் கடைக்கு இன்னும் உன்னைக் கூப்பிடறாங்களா?"

பெரியவளின் விரல்கள் அங்கேயே நின்றன. புதுக் கடை பதிவில் இல்லை. அந்தப் பெண்தான் அதை விட்டுவிட்டாளே. அதைப் பெரியவள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் சொன்னாள். அவனோ கேட்கவே இல்லை.

"அம்மா… உனக்கு எப்படி…"

"நீ அன்னைக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டே பேசினே. பாதியில குழாயை நிறுத்திட்டே. ஓடவிட்டுப் பேசியிருந்தா எனக்குக் கேட்டிருக்காது." அம்மாவின் குரலில் கோபமில்லை. பழைய நம்பரை நினைவிலிருந்து சொல்வது மாதிரி சொன்னாள். "இடுப்புதான் உடைஞ்சிருந்துச்சு. காது நல்லாத்தானே இருந்துச்சு."

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சுல உக்காந்தவடி நான். லைன்ல விழுந்ததை லைன்லயே விட்டுட்டு வீட்டுக்கு வரணும். முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். புருஷன் பொண்டாட்டி சண்டை, சாவுச் செய்தி, எவ்வளவு கேட்டிருப்பேன். ஒண்ணையாவது வெளியே சொல்லியிருக்கேனா?"

கூஜா. பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூஜா அம்மாவின் அறைக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். நடக்கவே முடியாத நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூஜா தண்ணீரைத் தூக்கிப் போனாள். அன்றையிலிருந்து ஒரு நாள்கூடத் தண்ணீர் கேட்டதில்லை. அதைத்தான் தேறிவிட்டாள் என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள் மகள்.

மேசைக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலியில் விழுந்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"கோபத்துல சொல்லலைம்மா. களைப்பு. களைப்புல வந்துடுச்சு."

"தெரியும். கோபத்துல சொல்லியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்."

தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், பையைக் கீழே வைக்கத் தோன்றாமல்.

"அம்மா, அட்டையைக் கொடு. அழிச்சிடறேன். தப்பெல்லாம் என்னுதுதான்."

"எதுக்கு அழிக்கணும்?"

"எல்லாரும் நீ அக்காவைச் சொன்னதா நினைக்கிறாங்கம்மா."

"நினைக்கட்டுமே." அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு எழுத்துகள் தெரிகிற சந்தோஷம் அந்த நேரத்திலும் முகத்தில் ஒரு நொடி வந்து போனது. "முதல் தடவை நீ படிச்சப்போ, இது இவ சொன்னதாச்சேன்னு கேட்டேன். ரெண்டாவது தடவை, நானே சொல்ற மாதிரி வச்சுக்கிட்டுக் கேட்டேன். பொருத்தமாத்தான்டா இருந்துச்சு."

தம்பி பையைக் கீழே வைத்தான்.

"எனக்கு மட்டும் அலுக்காதா?" என்றாள் அம்மா. "ஒருத்தி என்னைப் பார்த்துப் பார்த்துத் தேய்ஞ்சு போறதை நாள் முழுக்க உக்காந்து பார்க்கிறதும் வேலைதான். அதுக்கு விடுமுறை கிடையாது."

பெரியவள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வாங்க. நான் டைப் அடிக்கணும்."

"நான் அடிச்சுத் தர்றேன்மா," என்று பாய்ந்தான் தம்பி. ஆர்வக்கோளாறு எங்கே போகும்?

"நீ இதுவரைக்கும் அடிச்சது போதும்."

அக்காவும் தம்பியும் ரொட்டிக் கடைக்குப் போனார்கள். வேண்டாத பொருளாக நாலைந்து வாங்கினார்கள். பூங்காச் சுவரில் உட்கார்ந்தார்கள். அவன் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாலு நிமிஷத்தை முதல் முறையாக முழுவதும் கேட்டான். அவள் அவனைப் பார்க்காமல் எதிர்ச் சாரி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவள் கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது மணி ஏழு. கூடத்தில் அம்மா இல்லை. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"வந்துட்டீங்களா?" உள்ளேயிருந்து குரல். "பெரியவளே, ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத வாக்கியம். சமையலறைக்கு ஓடினாள். கூஜா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. டம்ளர் வழிய வழியத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வெறும் டம்ளரை வாங்கும்போது, இன்றைக்கு முழுக்க வராத நிம்மதி பெரியவளுக்கு வந்தது. அம்மா கேட்டுவிட்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும். நாளைக்கு முதலாளியிடம் என்ன சொல்வது என்றுகூட இன்று இரவு யோசிக்கலாம்.

"அக்கா." கூடத்திலிருந்து தம்பி கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இங்க வாயேன்."

லேப்டாப்பில் 'அம்மாவின் பக்கம்' திறந்திருந்தது. அவன் பக்கத்தின் அடியில் விரலை வைத்தான். அங்கே இன்று காலையில் 'நாளைய பதிவு: மழைக்காலத்தில் செருப்புப் பராமரிப்பு' என்று இருந்தது. அதை அம்மா எடுத்துவிட்டிருந்தாள்.

நாளைய பதிவு: சாவியை உள்ளேயே வைத்துவிட்டு.

"நான் தொடலைக்கா. சத்தியமா. அவங்களே எழுதி, அவங்களே வரிசையில போட்டிருக்காங்க. உள்ளே என்ன இருக்குன்னு எட்டு மணிக்குத்தான் தெரியும்."

பெரியவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வந்த அவசரத்தில் அவள் சாவி இன்னும் கையிலேயே இருந்தது. மெல்ல நடந்து போய் அதைத் தன் கொக்கியில் மாட்டினாள்.

பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. தூசி படிந்த வளையத்தோடு இரண்டு வருஷம் தொங்கிய அம்மாவின் சாவி அங்கே இல்லை.

காலை எட்டு மணிக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருந்தது.